பீர் பஜ்ஜியும் கோயில் கயிறும்

1

இந்தப் பங்குனியோடு என் வலது மணிக்கட்டில் கயிறு ஏறி இரண்டு வருஷம் முடிகிறது. இங்கே நியூசிலாந்தில், நெல்சன் என்கிற இந்தக் கடலோர ஊரில், எதற்கெடுத்தாலும் ஆண்டுவிழா கொண்டாடுகிறார்கள். வேலையில் சேர்ந்த நாளுக்குக் கேக், நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த நாளுக்குக் கேக். கயிற்றுக்கு மட்டும் யாரும் கேக் வெட்டுவதில்லை. போகட்டும், நாமே ஏதாவது பலகாரம் செய்து கொண்டாடுவோம் என்று நினைத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் குடியை விட வேண்டும் என்று நினைப்பவர்கள் கோயிலுக்குப் போய்க் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். நினைப்பது பெரும்பாலும் மனைவி, கட்டிக்கொள்வதுதான் புருஷன். கயிறு கையில் இருக்கும்வரை பாட்டிலைத் தொடக் கூடாது. தொட்டால் சாமி சும்மா விடாது. அவசரமாகக் குடித்தே ஆக வேண்டும் என்றால் மறுபடி கோயிலுக்குப் போய், முறைப்படி அவிழ்த்துவிட்டுப் போய்க் குடிக்கலாம். சாமியும் நடைமுறை தெரிந்த சாமிதான்.

நான் குடித்ததே இல்லை. இருந்தும் கட்டினேன். குடிக்க ஆரம்பிக்கும் முன்பே குடியை விட்டவன் எங்கள் குன்னம் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணம் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் முடித்து, விசாவும் வந்த பிறகு, யாரோ ஒரு புண்ணியவான் அம்மாவிடம், அந்த ஊரில் குளிருக்கு எல்லோரும் தண்ணீருக்குப் பதில் பீர்தான் குடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். கயிறு கட்டாமல் விமானம் ஏறக் கூடாது என்று அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அதுவரை நான்கைந்து முறை கயிறு கட்டி, அத்தனை முறையும் அவிழ்த்தவர். திடீரென்று அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அவன் கட்டுனா நானும் கட்டுறேன். ஆனா ஒண்ணு, அவன் அவுத்துட்டான்னு தெரிஞ்சா அன்னிக்கே நானும் அவுத்துருவேன். பேச்சு மாறக் கூடாது."

வெளிநாடு போகிற பையன் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான் என்பது அவர் கணக்கு. அம்மா கப்பென்று பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் போனோம். குடிகாரர்கள் வரிசையில், சலவைச் சட்டையும் கண்ணாடியுமாக நான் நின்றேன்.

"எத்தன வருசமா குடிக்கிற தம்பி?" என்றார் பூசாரி.

"குடிக்கறதில்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கைய நீட்டு."

அப்பாவின் கணக்கு பொய்த்தது. நான் தாங்கினேன், அதனால் அவரும் தாங்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றிவிட்டு அவர் வரும் சாயங்கால பஸ்ஸுக்கு அம்மா நிறுத்தத்திலேயே காத்திருப்பார். கண்டக்டர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்து, மூட்டை இறக்குவது போல இறக்குவார்கள். இந்த இரண்டு வருஷமாக அவரே இறங்கி நடந்து வருகிறார். அப்படி வந்ததும் அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். ஒரே ஒரு சொல்: "எறங்கிட்டாரு."

அப்போது இங்கே நடுராத்திரி. காலையில் கண் விழித்ததும் நான் முதலில் கேட்பது அந்தச் சொல்லைத்தான். அதைக் கேட்ட பிறகுதான் பல் துலக்குவேன்.

2

இங்கே எனக்குக் கான்கிரீட் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அப்பா சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றினார். நான் அந்தச் சிமெண்ட் இறுகிய பிறகு அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறேன். பரம்பரைத் தொழில்தான். எனக்கு ஹீட்டர் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

மேலாளர் பெயர் கிரெய்க். முதல் மாதம் அவரை "கிரெய்க் சார்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துத் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று தேடினார்.

அவர் என் கயிற்றைப் பார்த்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையில் எதுவும் தொங்கக் கூடாது; அது பாதுகாப்பு விதி. கழற்ற முடியாது என்றால் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். மத நம்பிக்கை என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான்தான் படித்தவன் ஆயிற்றே, உண்மையை விளக்கமாக எழுதினேன்: மது அருந்தாமல் இருப்பதற்காகக் கோயிலில் கட்டியது.

கிரெய்க் படித்தார். பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

விலக்கு அன்றைக்கே கிடைத்தது. அதோடு ஓர் ஆலோசகரின் தொலைபேசி எண்ணும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஆளுக்கொரு பீரோடு உட்காரும்போது, நான் போனதும் என் மேசையில் உள்ள பாட்டில்கள் மட்டும் நகர்ந்து போய்விடும். எனக்கு முன்னால் ஓர் எலுமிச்சை ஜூஸ் வரும். "இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?" என்று ஒவ்வொருவராக வந்து, சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள்.

ஒரு நாள் கிரெய்க்கிடம் நேராகவே சொன்னேன். நான் குடித்ததே இல்லை, ஒரு சொட்டுக்கூட இல்லை.

அவர் அன்பாகத் தலையாட்டினார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், அவசரமில்லை, என்றார்.

பூசாரி பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

3

நான் குடியிருப்பது ஹெலன் என்ற அம்மாவின் வீட்டுப் பின்பகுதியில். ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் தோட்டத்தில் ஃபீஜோவா என்று ஒரு மரம். பழம் நம் கொய்யாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். முட்டை அளவு, பச்சைத் தோல், உள்ளே மணல் மணலாக வெள்ளைச் சதை. இங்கே பங்குனி, சித்திரை என்றால் இலையுதிர் காலம். மரம் பாட்டுக்குக் கொட்டும். தெருவில் எல்லோர் வீட்டிலும் மரம் இருப்பதால், எல்லோரும் எல்லோர் வாசலிலும் ஒரு பை பழத்தை வைத்துவிட்டு ஓடுவார்கள். நாம் கொடுத்த பை சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து சேரும்.

இதை என்ன செய்வது என்று ஹெலனிடம் கேட்டேன். பீர் மாவில் தோய்த்துப் பொரித்தெடு என்றார். பஜ்ஜி! அதற்கு எனக்குச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டுமா? ஆனால் பீர்?

தண்ணீருக்குப் பதில் பீர், அவ்வளவுதான், என்றார் ஹெலன். என் அம்மாவிடம் அந்தப் புண்ணியவான் சொன்னது முழுப் பொய் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பீரில் உள்ள நுரை மாவைப் பொங்கவைத்து மொறுமொறுப்பாக்குமாம். எண்ணெயில் போட்டதும் சாராயச் சத்து பெரும்பாலும் ஆவியாகிவிடுமாம். "குடித்தால்தானே குடி? இது சமையல்," என்றார். அறிவியல் முறைப்படி எனக்கு அது சரியாகப் பட்டது. கயிற்றைப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

கோதுமை பீராக வாங்கு, அது மென்மையாக இருக்கும், என்று சொல்லியனுப்பினார். கடையில் வயதுக்குச் சான்று கேட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கத் திரும்ப வீட்டுக்கு நடந்தேன். எங்கள் ஊர் அரசாங்கக் கடையில் பல் முளைத்திருந்தாலே போதும்.

இங்கே விற்பது சாதாரண பீர் இல்லை, 'கிராஃப்ட்' பீர். அதாவது ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, சின்ன அண்டாவில், தன் கையால் காய்ச்சியது. அதற்குப் பரிசு கொடுக்கிறார்கள், பத்திரிகையில் படம் போடுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் சில பேர் வீட்டுக்குப் பின்னால் சின்ன அண்டாவில் தங்கள் கையால் காய்ச்சினார்கள். அவர்கள் படமும் பத்திரிகையில் வந்தது. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

பாட்டிலின் முதுகில் ஒரு கட்டுரையே இருந்தது. இந்த பீரில் மாம்பழம், அறுத்த புல், பைன் மரப் பிசின், மழை பெய்து முடிந்த காற்று எல்லாம் மணக்குமாம். எங்கள் அப்பா தன் வாழ்நாளில் குடித்தது எதையும் இப்படி வர்ணித்ததில்லை. "காரம்" என்பார், அல்லது "தண்ணி கலந்துட்டான்" என்பார்.

கோதுமை பீர் எது என்று எனக்குத் தெரியவில்லை. கடைப் பையனிடம், இருப்பதிலேயே நல்லதாகக் கொடு என்றேன். பச்சை லேபிள் ஒட்டிய ஒன்றைப் பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தான்.

பழத்தைத் தோல் சீவிக் கனமான வில்லைகளாக நறுக்கினேன். மைதா, கொஞ்சம் சர்க்கரை, சிட்டிகை உப்பு. அம்மாவின் நினைவாக ஒரு கரண்டி அரிசி மாவு. பிரிட்ஜிலிருந்து எடுத்த பீரைச் சில்லென்று ஊற்றியதும் மாவு உயிர் வந்தது போலப் பொங்கியது. கட்டி இருந்தால் இருக்கட்டும், அதிகம் கலக்காதே என்று ஹெலன் சொல்லியிருந்தார். எண்ணெயில் வில்லைகள் உப்பி, பொன் நிறத்தில் திரும்பின. மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவினேன். தட்டில் அடுக்கி, மீதி பீர் உள்ள பாட்டிலோடு அழகாக ஒரு படம் எடுத்தேன்.

ஒன்றை வாயில் போட்டேன். மொறுமொறுப்பு, அடுத்து இனிப்பு, அடுத்து நல்ல வேப்பங்கொழுந்துக் கசப்பு.

ஹெலன் ஒன்றைக் கடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். இருப்பதிலேயே அதிகம் கசக்கிற வகையை வாங்கி வந்திருக்கிறாய், என்றார்.

4

இருந்தாலும் செய்ததைக் கொட்ட மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். எல்லோரும் எடுத்தார்கள், "அற்புதம்" என்றார்கள். குப்பைக் கூடையில் பாதி கடித்த அற்புதங்கள் நிறையக் கிடந்தன.

என்ன மாவு என்று ஒருத்தி கேட்டாள். பீர் மாவு என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. கிரெய்க் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். வழுக்குவது மனித இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை, நாளையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம், வேண்டுமானால் இன்று வீட்டுக்குப் போய் ஓய்வெடு, என்றார்.

பஜ்ஜி சாப்பிட்டதற்காகச் சம்பளத்தோடு விடுப்பு வாங்கியவனாக வீட்டுக்கு நடந்தேன். வருகிற வழியில்தான் இன்னும் பெரிய மடத்தனத்தைச் செய்தேன். எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன்.

5

என் அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் செய்த பாட்டிலாக இருந்தாலும், எவ்வளவு தூரத்தில் நின்றாலும், அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் நுழைவதற்குள் அழைப்பு வந்தது.

"டேய், தட்டுக்குப் பின்னாடி பச்சச் சட்ட போட்டுக்கிட்டு நிக்கிறது யாருடா?"

"அங்க யாரும் இல்லையேப்பா."

"நல்லா பாரு. கழுத்து நீளமா, தலையில தொப்பி இல்லாம."

மாட்டிக்கொண்டேன். "அது பீருப்பா. மாவுல ஊத்துனேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் தெருவே கேட்கும்படி அப்பாவின் குரல்: "ஏ புள்ள! இங்க ஓடியா! உம் மவன் அவுத்துட்டான்!"

அம்மா போனைப் பிடுங்கினார். "குடிச்சியாடா?"

"இல்லம்மா. பஜ்ஜிக்கு ஊத்துனேன். மொறுமொறுன்னு வரும்னாங்க."

"அதுக்கு அரிசி மாவு போட வேண்டியதுதான?"

"அதுவும் போட்டேம்மா."

"அப்பறம் என்னாத்துக்குடா அந்தக் கருமம்?"

நான்கு வருஷப் பொறியியல் படிப்பில் இதற்கு விடை இல்லை.

அப்பா பின்னாலிருந்து வாதாடினார். "நீதான படிச்சவன், நீயே சொல்லு. பீரு உள்ள போச்சா, போவலியா?"

"எண்ணெயில போட்டா ஆவியாயிரும்ப்பா."

"சரி, ஆவியாயிருச்சு. எப்புடி இருந்துச்சு?"

"கசந்துச்சு."

"பாத்தியா! ஆவியாப் போனது எப்புடிக் கசக்கும்? நான் பள்ளிக்கோடம் போவாதவன், எனக்கே தெரியுது."

வழக்கு அங்கேயே முடிந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, கோயிலுக்குப் போய் அவிழ்த்துவிட்டு அப்படியே கடைக்குப் போவதாக அறிவித்தார். அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தார். குரல் தணிந்துவிட்டது.

"தம்பி. ரெண்டு வருசமா அந்த ஆளு பஸ்ஸ வுட்டுத் தானா எறங்கி வர்றாரு. உனக்குப் பஜ்ஜியில என்னடா கொறஞ்சு போச்சு?"

மறுநாள் காலை அந்தக் குரல் வராமல் போனால் என்ன செய்வேன் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன்.

அம்மாவும் கூடவே கோயிலுக்குப் போய் வழக்கை வைத்தார்; நல்ல வேளையாகப் பூசாரி தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். "கள்ளு, சாராயம், பிராந்தி, எல்லாத்துக்கும் வழக்கம் இருக்கு. பஜ்ஜியப் பத்தி இங்க யாரும் வந்து கேட்டதில்ல. வூட்டுலயே பேசி முடிச்சுக்கங்க" என்றாராம்.

வீட்டில் பேசி முடிப்பது என்றால் அம்மா முடிப்பது. அம்மாவின் தீர்ப்பு: மகன் எப்படிச் சாப்பிட்டானோ, அப்படியே அப்பாவும் சாப்பிடலாம். ஒரு பீர். அது மாவுக்குள் போகும், பஜ்ஜியாக வெளியே வரும். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

அப்பாவுக்கு பீர் என்பதே மோர் மாதிரி. இருந்தாலும் இரண்டு வருஷம் காய்ந்த நாக்கு. ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை வாங்கி வந்தார். வாசலிலேயே அம்மா அதைப் பறித்து அரிசி டிரம்முக்குள் புதைத்து, மூடிமேல் அம்மிக் குழவியை வைத்துவிட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுக்கு, எனக்குச் சாயங்காலம். சாட்சியாக நானும் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டதால் வீடியோவில் உட்கார்ந்தேன். அம்மா போனை அடுப்பு மேடையில் உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார். கொய்யாவும் வாழைப்பழமும் வில்லை வில்லையாக நறுக்கியிருந்தது. அப்பா வெளியே நாற்காலியில், குளித்து விபூதி பூசி, விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தார்.

"தொறக்கத் தெரியுமா புள்ள? நான் வரட்டா?"

"நீங்க பல்லால தொறந்தத எத்தன வருசமா பாத்துருக்கேன். உக்காருங்க அங்கயே."

அம்மா கத்தி முனையால் நெம்பினார். மூடி தெறித்தது. அம்மா ஒரு தடவை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஓசையோடு ஓசையாகப் பாட்டிலைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். முழுவதும். மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சோடா பாட்டிலை எடுத்து மாவில் ஊற்றினார். மாவு அதேபோல அழகாகப் பொங்கியது.

நிமிர்ந்தபோதுதான் உப்பு டப்பாமேல் நான் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படித்தவன் பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே.

முதல் ஈடு தட்டில் வெளியே போனது, கூடவே போனில் நானும். அப்பா ஒன்றை எடுத்தார், கண்ணை மூடினார், நிதானமாக மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"எப்புடி?" என்றார் அம்மா. காலிப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்றார்.

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். தலையை லேசாக ஆட்டினார். "ம்... லேசா ஏறுது புள்ள."

"ஏறுமா?"

"ஏறுது, ஏறுது. காது கிட்ட சூடாவுது."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பாட்டிலோடு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"பாருடா உங்கம்மாள," என்றார் அப்பா போனைப் பார்த்து. "குடிச்சது நானு, ஆட்டம் அவளுக்கு."

7

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிரெய்க் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து என்னைக் கரிசனத்தோடு கவனித்துக்கொண்டிருந்தார். அப்பா அழைத்தார். அங்கே காலை, வேலைக்குப் போக அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கிறார்.

"டேய். உங்கம்மா அதுல சோடாதான் ஊத்துனா."

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். "எப்படிப்பா தெரியும்?"

"எத்தன வருசத்து நாக்குடா இது. சோடாவுக்கும் பீருக்கும் வித்தியாசம் தெரியாதா? மொதக் கடியிலயே தெரியும்."

"அப்பறம் ஏம்ப்பா ஏறுதுன்ன?"

ஒரு லாரி கடந்து போகும் சத்தம் கேட்டது.

"கையில பாட்டில வெச்சுக்கிட்டு உங்கம்மா சிரிச்சத இதுக்கு முன்னாடி பாத்துருக்கியா நீ?"

"இல்லப்பா."

"நானும் பாத்ததில்ல. பாட்டிலக் கண்டா அவ அழுவத்தான் செய்வா. நேத்து சிரிச்சா. அத எதுக்குக் கெடுப்பானேன்... சரி, உன்னுதுல நெசமாவே ஊத்துனியா?"

"ஊத்துனேன்ப்பா. கசப்பு."

"ம். கசக்கத்தான் செய்யும்." பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

கிரெய்க் எழுந்து வந்தார். எல்லாம் சரியா என்றார். குடும்பத்தில் ஒருவர் இரண்டு வருஷமாகக் குடிக்காமல் இருக்கிறார், என் அப்பா, என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் முறையாக அவருக்குச் சரியான ஆள் கிடைத்தார்.

மறுநாள் காலை விழித்ததும் போனை எடுத்தேன். அம்மாவின் குரல் வந்திருந்தது. வழக்கத்தைவிட நீளம்.

"எறங்கிட்டாரு. கையில கொய்யாப்பழம் வாங்கியாந்துருக்காரு, பஜ்ஜி போடச் சொல்லி." பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "கூடவே ஒரு சோடா பாட்டிலும் வாங்கியாந்துருக்காருடா."